கழுவிய பின்னும்

“அந்த மருந்தைத்தான் அண்டைக்கே கழுவி ஊத்திப்போட்டியே, பேந்தென்ன?” என்கிறார் இந்திரகுமார். ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுகூடத்தில் கிடக்கும் மகளுக்கு ரொம்சோஸ் வீட்டிலிருந்து புட்டுக் கட்டிக்கொண்டு வந்தவர், வாசலில் வெளியாட்களை மறிக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நிற்கிறார். நிருஜா குடுவையைச் சாய்க்கிறாள். உயிர்க்கலங்கள் வளரும் இளஞ்சிவப்பு நீர் ஒரு மூலையில் ஒதுங்குகிறது. யன்னலில் பனிக்கால வெளிச்சம் மூன்று மணிக்கே மங்குகிறது. ஆளில்லாத மேசைகளுக்கு நடுவே காற்றுறிஞ்சி மட்டும் இரைகிறது. “இதுகள் பிறகு பிரிஞ்சு வந்த கலங்கள், அப்பா. இதுகளிலை மருந்து படவேயில்லை. ஜீனும் மாறேல்லை. ஆனா அண்டைக்கு மருந்து பட்டு வேலைசெய்யாமல் பூட்டுப்பட்ட ஜீன் இதுகளிலையும் பூட்டித்தான் கிடக்கு.”

“உன்ரை கொம்மா மாதிரி. ஒண்டையும் மறக்காதுகள்,” என்று சிரிக்கிறார். அப்போதுதான் தட்டிலுள்ள மருந்துப் போத்தலின் பெயர் அவர் கண்ணில் படுகிறது. உலர்சலவைக் கடையில் பதினெட்டு வருடம் அவர் உருட்டிய பீப்பாய்களில் இருந்த அதே பெயர். சிரிப்பு அப்படியே நிற்கிறது. சோதனைக்கு இந்த மருந்தை நிருஜாதான் தெரிவு செய்தாள். ஏனென்று ஒருவருக்கும் சொன்னதில்லை. குடுவையின் மூடியை, இறுகிய பிறகும், திருகிக்கொண்டேயிருக்கிறாள்.

“நீ பிறக்க முன்னமே நான் உந்த மருந்தைச் சுவாசிச்சனான்.”

“மனுசரிலை இந்தப் பூட்டு பிள்ளையளுக்குப் போகுமோ எண்டு இன்னும் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது, அப்பா.”

அவர் புட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். சப்பாத்து நுனி கோட்டில் முட்டி நிற்கிறது.

“என்ரையை விடு. உன்ரை ரத்தத்தை ஒருக்கால் எடுத்துப் பாரன், பிள்ளை.”