நெவில் வீட்டுப் பீப்பாய்

"வெடிச்சா நீ மட்டும் போ, நெவில். என்னையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போயிடாதே" என்றாள் லோர்னா. கொட்டகைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"போன வருஷம் வெடிச்சது பாட்டிலு. இது பீப்பாய். ரெண்டும் ஒண்ணா?" என்றார் அவள் கணவர் நெவில்.

போன வருஷம் அவர் வீட்டில் காய்ச்சிய பீரை அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்து, துணி துவைக்கும் அறையில் அடுக்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது பாட்டிலும் வரிசையாக வெடித்தன. மவுண்ட் கேம்பியர் ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மனுஷர் ஒரு மாதம் கடைவீதிப் பக்கம் தலைகாட்டவில்லை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. நகராட்சி வண்டி பழைய சாமான் அள்ளும் வாரத்தில் யாரோ வாசலில் போட்டிருந்த ஃப்ரிட்ஜ். குளிர்பானக் கடைக்காரர் கழித்துக்கட்டிய எஃகுப் பீப்பாய். பீருக்குள் வாயு ஏற்ற, பழைய தீயணைப்பு சிலிண்டர். ஃப்ரிட்ஜ் கதவில் ஓட்டை போட்டுக் குழாய் மாட்டி, அதற்குப் பிடியாக உடைந்த கிரிக்கெட் மட்டையின் கைப்பிடியைச் செருகியிருந்தார். புதுசு என்று பார்த்தால் குழாய் ஒன்றுதான்.

"இதுவும் சொதப்பினா?"

"ஃப்ரிட்ஜைத் தூக்கித் தெருவுல போட்டுடறேன். கொட்டகை உனக்கு. பானை செய்யணும்னு கேட்டியே, செஞ்சுக்கோ."

"நல்லா வந்துட்டா?"

"ஆயுசுக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சரி. ஆனா கூரை மேல ஏறக் கூடாது. அது தனிக் கணக்கு."

நெவில் இடுப்பைத் தடவிக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இன்றைக்குப் போலவே ஃபுட்பால் இறுதிப் போட்டி நடந்த நாளில், போதை தலைக்கேறி இந்தக் கொட்டகைக் கூரை மேல் ஏறிப் பாடியவர், கூரையோடு சேர்ந்து கீழே வந்தார். இடுப்பு எலும்பில் டாக்டர் வைத்த திருகாணிகள் குளிர்காலத்தில் இன்னும் குத்துகின்றன.

"நீயாவது ருசி பார்த்தியா?" என்று லோர்னா கேட்டாள்.

"சேச்சே! முதல் கிளாஸ் சிநேகிதங்களோடதான். அதுதான் மரியாதை."

மத்தியானம் சிநேகிதர்கள் பெவனும் காலினும் டிவியில் ஆட்டம் பார்க்க வந்தார்கள். பெவன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொட்டகைக்குள் நுழைந்தார்.

"கழட்டுடா அதை!"

"முதல்ல நீ குழாயைத் திற. அப்புறம் பார்க்கலாம்."

நெவில் பிடியை இழுத்தார். புஸ்ஸென்று நுரை மட்டும் வந்தது.

"இதைக் குடிக்கணுமா, முகத்துல பூசி ஷேவ் பண்ணிக்கணுமா?" என்றார் காலின். பெவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தார்.

நெவிலின் காது சிவந்துவிட்டது. போச்சு, இனி சாகும்வரை இதையும் சொல்லிக் காட்டுவார்கள். சிலிண்டர் திருகைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மறுபடி இழுத்தார். பொன்னிறமாக இறங்கியது. மேலே இரண்டு விரல் அளவு நுரை.

வெளியே சாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்த லோர்னா இடுக்கியை அப்படியே பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

பெவன் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒரே மூச்சில் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். காலிக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா? சொல்லித் தொலையேன்!"

"இன்னொண்ணு ஊத்து."

நெவிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொஞ்சம் லேசா இருக்கிற மாதிரி இல்ல?" என்று காலின் இழுத்தார்.

"அப்படித்தாண்டா வழுக்கிக்கிட்டுப் போகும். போகப் போகத்தான் வேலையைக் காட்டும்" என்றார் நெவில்.

காட்டியது. டிவியில் ஆட்டத்தின் இரண்டாம் பாதி தொடங்கும்போது பெவனுக்கு நாக்குக் குழறியது. காலின் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, செத்துப்போன தன் நாயை நினைத்து அழுதார். பிறகு தள்ளாடி வந்து கார் சாவியை லோர்னாவிடம் நீட்டினார்.

"வெச்சுக்கோ தாயி. இந்த நிலைமையில நான் வண்டியைத் தொடக் கூடாது."

"பொறுப்பான ஆளுப்பா நீ" என்று லோர்னா வாங்கிக்கொண்டாள். "முதல்ல சாப்பிடு."

காலின் சாலட்டைக் கிளறிப் பார்த்தார். "எப்படி லோர்னா? எங்க தோட்டத்துல நத்தை ஒரு இலையை விடல, எல்லாம் சல்லடை. உன் லெட்யூஸ்ல ஒரு ஓட்டை கூட இல்லையே. என்ன மருந்து வெக்கிற?"

"எல்லாம் வீட்டுத் தயாரிப்புதான்" என்றாள் லோர்னா.

ஆட்டம் முடிந்ததும் நெவில் எழுந்தார். "தலை கிர்ருங்குது. கூரை மேல ஏறி ஒரு பாட்டுப் பாடலாமா?"

லோர்னா பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் சிநேகிதர்களை அவரவர் மனைவிமார் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். நெவில் மார்பை நிமிர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன். கொட்டகை உனக்கே."

"அப்ப அடுத்த தடவை ரெண்டு பீப்பாய் போடவா?"

"தாராளமா போடு. நானும் கோஸ் நடலாம்னு இருக்கேன்."

கோஸுக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமலே, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் நெவில் படுக்கையில் விழுந்தார்.

லோர்னா வாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். போன வாரம் அவர் இல்லாத நேரத்தில் பீப்பாயைத் திறந்து ஒரு வாய் வைத்துப் பார்த்து, சுத்தக் காடி என்று துப்பிவிட்டு, அவ்வளவையும் வாளிகளில் கொட்டியவள் அவள்தான்; சூப்பர் மார்க்கெட்டில் மதுவே இல்லாத பீர் ஐம்பது டப்பா வாங்கிப் பீப்பாயை நிரப்பியவளும் அவள்தான். இத்தனை ஆட்டம் பாட்டத்திலும் நெவில் காய்ச்சிய பீரைக் குடித்து உண்மையாகவே போதையேறியவை, லெட்யூஸ் பாத்தியில் அவள் நத்தைப் பொறியாகப் புதைத்து, அந்தப் பீரை ஊற்றி வைத்திருந்த டப்பாக்களில் மல்லாந்து கிடந்த நத்தைகள் மட்டும்தான்.