கான்சல் பங்களாவின் தொலைநோக்கி

அந்த அம்மாள் பித்தளைத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி அசையாமல் நின்றாள். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கி, தாடை வரைக்கும் வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

மாடி வாசலில் நின்ற வழிகாட்டிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நாளையிலிருந்து அந்தத் தொலைநோக்கி கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது, யாரும் தொடக்கூடாது என்று காட்சிசாலைக் காப்பாளர் உத்தரவு போட்டுவிட்டார். அதை இந்த அம்மாளிடம் சொல்கிற பாவம் இவர் தலையில் விடிந்திருந்தது.

துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தது அந்தக் கான்சல் பங்களா. வெள்ளைக்காரன் காலத்தில் கான்சல் என்கிற அயல்நாட்டுத் தூதர் இருந்த இடம், இப்போது காட்சிசாலை. கான்சல் எழுதிய மேசை, கான்சல் படுத்த கட்டில், கான்சல் பல் குத்திய வெள்ளிக் குச்சி என்று வழிகாட்டி ஒவ்வொன்றாக விளக்குவார். அதில் பாதி சொந்தச் சரக்கு. அதனாலேயே கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்குச் 'சரித்திரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வழிகாட்டி விறுவிறுவென்று படியிறங்கிக் காப்பாளரின் அறைக்குள் நுழைந்தார்.

"சார், அந்தத் தொலைநோக்கியில மட்டும் கைய வைக்காதீங்க. ஒரு குடும்பமே அதுல தொங்குது."

"யோவ் சரித்திரம், உன் கதையெல்லாம் பாக்க வர்றவங்களோட வச்சுக்க."

"கதை இல்ல சார். நாலு மாசமா ஒரு அம்மா தினமும் வர்றாங்க. பத்தேகாலுக்கு டிக்கெட் வாங்குனா நேரா மாடிதான். மேசையப் பாக்க மாட்டாங்க, கட்டிலப் பாக்க மாட்டாங்க. 'யாரம்மா தேடுறீங்க'ன்னு கேட்டேன். 'எங்க வீட்டுக்காரர'ன்னாங்க. அதுக்கு மேல வாயத் தொறக்கல."

மீதியை அவரே திறந்தார். வீட்டுக்காரர் கப்பலேறியதும், நடுக்கடலில் புயல் அடித்ததும், பாய்மரம் முறிந்ததும் நேரில் பார்த்தவர் மாதிரி வந்து விழுந்தன.

"இந்தக் காலத்துல ஏதுய்யா பாய்மரம்?"

"மரத்த விடுங்க சார், மனுஷியப் பாருங்க. அவங்க போனப்புறம் தினமும் அந்தக் குழாய் கீழ துறைமுகக் கிடங்குப் பக்கமாக் கவுந்து கெடக்கும். நான்தான் நிமித்திக் கடலப் பாக்க வைப்பேன். பித்தளைக்கே துக்கத்துல தலை தொங்கிப்போச்சு சார்!"

காப்பாளர் கல்நெஞ்சுக்காரர் என்று பேர் வாங்கியவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், அழுக்கே இல்லாத கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். "வா, நானே வந்து பாக்கறேன்" என்று எழுந்தார்.

மாடியில் சரித்திரம் தொண்டையைச் செருமினார். "அம்மா... இத நாளைக்குப் பெட்டியில வச்சுப் பூட்டறதா ஒரு பேச்சு..."

அந்த அம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது. தொலைநோக்கியின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, வேண்டாம் சார்! இதுவும் போச்சுன்னா அவரு உயிர நான் எப்படிக் காப்பாத்துவேன்?"

காப்பாளர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே தொங்கிய பழைய கான்சலின் படத்தைப் பார்த்தபடியே உத்தரவு போட்டார்.

"யாரும் பூட்ட மாட்டாங்கம்மா. நான் இருக்கற வரைக்கும் இது இங்கதான் இருக்கும். நாளையிலேருந்து உங்களுக்கு டிக்கெட்டும் வேண்டாம்."

"நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று கும்பிட்டாள் அவள்.

சரித்திரத்தால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கைக்குட்டைக்குள் விம்மினார். "மனசத் தளர விடாதீங்கம்மா. கடல் எதையும் வச்சுக்காது. ஒருநாள் திருப்பிக் குடுத்துடும்."

அவள் ஒன்றும் புரியாமல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்கிற மாதிரி ஒரு பார்வை.

கீழே துறைமுகத்தில் பத்தரை மணி இடைவேளைச் சங்கு ஊதியது. அவள் சடாரென்று திரும்பித் தொலைநோக்கியைக் கிடங்குப் பக்கமாகக் கவிழ்த்தாள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைப் பதித்தாள். இமைக்காமல் பார்த்ததில் அந்தக் கண்ணிலிருந்து மறுபடியும் நீர் வழிந்தது.

பதித்த கண்ணை எடுக்காமலே பையைத் துழாவி செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள். இரண்டு ஆண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏங்க, மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சாலும் புகை தெரியுது... சிகரெட்டக் கீழ போடுங்க!"