எறும்புக்கு எழுதிய பாட்டு

குழந்தைகள் புத்தகத்தில் வரும், ஓடையைத் தாண்டிய எறும்பின் கதை தவிட்டுக்குருவிக்கு உயிர். பள்ளி ஆண்டு விழாவில் அதைப் பாட்டு நாடகமாகப் போட, ஆசை ஆசையாக நான்கு பாட்டு எழுதிக்கொண்டு போனது.

தலைமையாசிரியர் எருமை அசைபோட்டபடியே கேட்டது. "பிரமாதம் போ! ஆனா, நம்ம தாளாளர் யானை முன்வரிசையில உட்காருவாரே. அவரைப் பத்தி ஒரு வரி வேணாமா?"

குருவி மனசில்லாமல் ஒரு வரி சேர்த்தது.

"ஒரே ஒரு வரின்னா அவருக்குக் குறையாப் படுமே" என்று இழுத்தது எருமை. ஒரு வரி ஒரு பாட்டானது. தும்பிக்கைக்கு ஒன்று, தந்தத்துக்கு ஒன்று என்று மேலும் இரண்டு வந்தன. நான்கில் எறும்புக்கு மிஞ்சியது ஒரே பாட்டு.

விழா முடிந்ததும் யானை கண்கலங்கிப் பாராட்டியது. "அருமையான கதை! ஆனா, நடுவுல அந்த எறும்பு எதுக்கு?"

குருவி எருமையைப் பார்த்தது. எருமை கூரையைப் பார்த்தது.

"அடுத்த வருஷம் எடுத்துடறேங்க ஐயா" என்றது குருவி.