நான்காவது மூலை

“அண்ணன் வர்றாரு. அந்த ஸ்டூலை எடுத்து உள்ளே போடுங்க. போன தடவை அவரு விழுந்ததே போதும்.”

மனைவி சொன்ன கையோடு கணக்கர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அது அவரே செய்த ஸ்டூல். அதன் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டதாக வரலாறு கிடையாது.

அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது அவருக்குப் பிழைப்பு. லீவு நாளில் மரம் இழைப்பது அவருக்குப் பிடித்த பைத்தியம். பைத்தியம் இல்லாத மனிதன் யார்? ஆனால் மனைவியின் அண்ணன் மரப்பட்டறை வைத்திருக்கும்போது இந்தப் பைத்தியம் பிடித்தால் மானம் மிஞ்சாது. மச்சான் கைபட்ட கட்டிலுக்கும் மேஜைக்கும் பெரிய மனிதர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் கணக்கர் செய்த எதைப் பார்த்தாலும் ஒரு வார்த்தைக்கு மேல் செலவழிப்பதில்லை. புத்தக அலமாரியைப் பார்த்து, “விறகு.” போட்டோ சட்டத்தைப் பார்த்து, “சுள்ளி.”

அந்த வாயால் ஒரே ஒரு தடவை ‘நல்லா இருக்கு’ என்று கேட்டுவிட வேண்டும். கணக்கருக்கு இருந்த பேராசை அது ஒன்றுதான்.

இந்த முறை அவரிடம் நகைப்பெட்டி இருந்தது.

பழைய சாமான் கடையில் கால் ஒடிந்து கிடந்த மேஜையில்தான் அந்த ஈட்டி மரப் பலகை அகப்பட்டது. மேலெல்லாம் அழுக்கு. இழைப்புளியை ஓர் இழுப்பு இழுத்ததும் உள்ளே அலை அலையாக ரேகை, நடுவில் மயில் கண் போல ஒரு சுழி. கணக்கருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இதையும் கெடுத்துவிட்டால், மச்சான் வரும்வரை காத்திராமல் தன்னைத் தானே விறகு என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே பலகையைத் துண்டு போட்டுப் பெட்டியாகச் சேர்த்தால், ரேகை மூன்று மூலைகளில் விட்டுப்போகாமல் ஓடும். பலகையின் தலையும் வாலும் சந்திக்கிற நான்காவது மூலையில் முறிந்துவிடும். கெட்டிக்காரத் தச்சர்கள்கூட அந்த மூலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். கணக்கர் யோசித்து யோசித்து, தடித்த அந்தப் பலகையைக் கனத்தில் இரண்டாகப் பிளந்தார். புத்தகத்தைப் பிரிப்பது போலப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே காட்டிச் சேர்த்தார். தலையோடு தலையும் வாலோடு வாலும் சேர, நான்கு மூலையிலும் ரேகை ஓடியது. எந்த மூலையில் ஆரம்பித்தோம் என்று பிறகு அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

இத்தனை வருஷம் பிஸ்கட் டப்பாவில் கிடந்த நகைகளுக்கு இப்போதுதான் விடிவுகாலம் என்று மனைவி அன்றே எல்லாவற்றையும் அதில் அடுக்கிவிட்டாள்.

மச்சான் வேலையிலிருந்து நேராக வந்தார், தோளில் உளிப்பையோடு. சாப்பிட்டு முடித்ததும் மனைவி பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

மச்சான் ஒரு மூலையைப் பார்த்தார். திருப்பி அடுத்ததைப் பார்த்தார். நான்கும் முடிந்தபின் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு சுற்று.

“எப்படி இருக்கு மச்சான்?”

“மூடி இறுக்கமா இருக்கு.”

அதற்கப்புறம் குறைகள் வரிசை கட்டின. பாலிஷ் ஒரு பூச்சு அதிகம். பித்தளைக் கீல் பொருந்தவில்லை. உள்ளே ஒட்டிய வெல்வெட் கண்ணைக் குத்துகிறது. பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்திருந்து எல்லாவற்றையும் தானே சரிசெய்து தருவதாகச் சொன்னார்.

மனைவி பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ஒண்ணும் வேணாம்ணே. குறையோடயே இருக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு.” சொன்னதோடு நிற்காமல், கொண்டுபோய் உள்ளறை பீரோவில் வைத்துவிட்டும் வந்தாள்.

கணக்கருக்கு மனம் நிறைந்துதான் போனது. ஆனாலும் மச்சான் வாயிலிருந்து ‘விறகு’கூட வரவில்லையே, விறகுக்கும் கீழே என்ன இருக்கிறது, மரத்தூளா என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

அசதியாக இருக்கிறது என்று மச்சான் உள்ளறையில் கொஞ்ச நேரம் படுத்தார். கணவனும் மனைவியும் சத்தம் காட்டாமல் பாத்திரம் கழுவினார்கள். எழுந்து வந்தவர், காபிகூட வேண்டாம், பட்டறையில் ஆள் காத்திருக்கிறது என்று கிளம்பினார். கணக்கர் மரியாதைக்குப் பையை வாங்கக் கையை நீட்டினார். மச்சான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“வேணாம் மாப்ளே. உளி இருக்கு, குத்திடும்.”

வாசல்வரை போனவர் நின்றார். “அந்தப் பலகையை எப்படி அறுத்தீங்க?” என்று கேட்டார். கணக்கர் வாயைத் திறப்பதற்குள், “சரி, வேணாம். நானே பாத்துக்கறேன்,” என்று தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, வளையலைக் கழற்றி வைக்க மனைவி உள்ளறைக்குப் போனாள். “என்னங்க, இங்க வாங்க,” என்றாள்.

பீரோவுக்குள் மச்சானின் பெரிய கைக்குட்டை விரித்திருந்தது. அதன்மேல் சங்கிலி, மோதிரம், தோடு எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒரு திருகாணிகூடக் குறையவில்லை. பெட்டியைத்தான் காணோம்.

கணக்கர் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அது ஆடுவதைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அப்போ, நல்லாத்தான் இருந்திருக்கு,” என்றார்.