உப்புப் போட்டுத்தான் சாப்பிடறியா?

வாசலில் லாரியில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே சின்னவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலுக்குப் போனான், திரும்ப வந்து உட்கார்ந்தான்.

"இந்த லோடு மட்டும் வேண்டாம்ணே," என்றான் மறுபடியும்.

பெரியவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உப்பு ஏரித் தண்ணீரைப் பாத்தி கட்டிக் காயவைத்து உப்பு எடுக்கிறவன் அவன். அதே ஏரியின் எதிர்க்கரையில் சாயத் தொழிற்சாலை. அங்கே கழிவுக் குழாயைத் திறந்து மூடுவது தம்பியின் வேலை. இந்தக் கரையில் அண்ணன் அள்ளுகிறான், அந்தக் கரையில் தம்பி ஊற்றுகிறான் என்று ஊரே கேலி பேசும்.

இப்போது குழாயில் வருவது பழைய சாயத் தண்ணீர் இல்லை, ஏதோ புது மருந்து, பட்ட இடமெல்லாம் தோல் உரிகிறது, கரையில் பறவைகள் செத்துக் கிடக்கின்றன என்று சின்னவன் சொல்லிப் பார்த்துவிட்டான். மேலதிகாரியிடம் கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. இந்த உப்பு போவது ரொட்டிக் கம்பெனிக்கு. அதைத் தின்பது சின்னப் பிள்ளைகள். அதையும் சொல்லிவிட்டான்.

"குழாயைத் திறந்த கை யாருதுடா?" என்றான் பெரியவன்.

சின்னவன் கட்டுப் போட்டிருந்த தன் கையைப் பார்த்தான்.

"விஷத்தை விடறதும் நீ, வந்து நியாயம் பேசறதும் நீ. சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடறியா?"

வாசல்படியில் நின்ற லாரிக்காரர் சிரித்தார். ஒவ்வொரு தடவையும் பெரியவன் அவருக்கு மூட்டையிலிருந்தே கை நிறைய அள்ளிக் கொடுப்பான். இன்றும் வாங்கித் துண்டில் முடிந்து வைத்திருந்தார்.

"எங்க வீட்டுல காலங்காலமா இதைத்தான் தம்பி திங்கிறோம். என்ன கெட்டுப்போச்சு?"

"அப்படிச் சொல்லுங்க. எங்க வீட்டுலயும் இதேதான்," என்றான் பெரியவன்.

அண்ணி அடுப்படியிலிருந்து வந்தாள். அவித்த முட்டை ஒன்றை உரித்துச் சின்னவன் முன்னால் வைத்தாள். எத்தனை சண்டையானாலும் வீட்டுக்கு வந்தவன் வெறும் வயிற்றோடு போவது அவளுக்கு ஆகாது.

சின்னவன் முட்டையைக் கையில் எடுத்தான். திரும்பத் தட்டில் வைத்தான். சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய், வாய் கட்டாத மூட்டையில் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து வந்தான். பார்வைக்கு வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது. முட்டைமேல் தூவினான்.

"நீ கேட்டதும் சரிதாண்ணே. இன்னிக்கு உப்புப் போட்டே சாப்பிடறேன்."

வாய்க்குப் போன கையில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது. முட்டை உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று.

அடித்தவன் பெரியவன். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை அவன் விடவில்லை.

"அறிவிருக்காடா உனக்கு? அது விக்கிற உப்பு," என்றான். "வீட்டு உப்பு உள்ளே இருக்கு."

வாசல்படியில் நின்ற லாரிக்காரர் துண்டின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.