ஒரு வார ஓய்வு

"கைய நல்லா இறுக்கி மூடும்மா" என்று சொல்லிவிட்டு, லேப் பெண் ஊசியைப் பிரிக்கத் திரும்பினாள்.

செல்வமாரி மூடவில்லை. புஜத்தில் ரப்பர் குழாய் கட்டியிருந்தது. நரம்பு புடைத்து நின்றது.

பக்கத்தில் நின்ற சீனித்தாய்க்கு மகளின் கையைப் பார்க்கவே திகிலாக இருந்தது. அந்த ஒரு குழாய் ரத்தத்தில்தான் கல்யாணமே இருந்தது.

வாசல் பெஞ்சில் மாப்பிள்ளையின் அக்கா பத்திரகாளி. கோவில்பட்டிக்குக் கூட்டிவந்ததே அவள்தான். நம்பாமல் இல்லையாம், நேரில் பார்த்துவிட்டால் மனசுக்குத் திருப்தியாம்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. செல்வமாரியின் அண்ணன் இசக்கிமுருகன் தசை கரையும் நோயில் கிடந்து போன ஆடியில்தான் செத்தான். அது பெண் வழியாகப் பிள்ளைக்கு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தசைக்குள் இருக்கவேண்டிய ஒரு சத்து ரத்தத்தில் கூடுதலாகக் காட்டினால் சந்தேகம்தான். இசக்கிக்கு அது எக்கச்சக்கமாகக் காட்டியது.

அவனுக்கு யார் வழியாக வந்தது என்று சீனித்தாயிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே அவள் குன்றிப்போயிருந்தாள்.

செண்பகவல்லித் தாயே, கூடிவிடாமல் பார்த்துக்கொள்.

கூடினால் கல்யாணம் நின்றுவிடும். அதோடு போகுமா? சீக்குப் பிடித்த குடும்பம் என்று சுற்றுப்பட்டியெல்லாம் பேசும்.

இப்போது மட்டும் என்ன, பெண் கேட்டு வரிசையிலா நிற்கிறார்கள்? வந்தவன் இவன் ஒருவன்தான். கிணற்றோடு தோட்டம் இருக்கிறது. இரண்டாம் தாரம். முதல் பெண்டாட்டி உதடு கிழிந்து, வீங்கிய முகத்தோடு கடம்பூரில் ரயிலேறிப் போனவள்தான், திரும்பவில்லை.

"எனக்கு வேண்டாம்மா" என்று மகள் அழுததைச் சீனித்தாய் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

செல்வமாரி பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை மடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கை விரிந்துவிட்டது.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இரண்டு உடைந்து தோல் உரிந்திருந்தது.



காலையில் மகள் கையைத் தூக்க முடியாமல் தலை பின்னிவிடச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் கருவேல விறகு புதிதாக ஆளுயரம் ஏறியிருந்தது. தன் புருஷன் வெட்டிப் போட்டது என்றல்லவா சீனித்தாய் நினைத்தாள்! பகலெல்லாம் அவர்கள் இருவரும் தீப்பெட்டி ஆபீசில். வீட்டில் இருந்தது இவள் மட்டும்தான்.

ஒரு வாரத்துக்குக் கனமான வேலை கூடாது, பார்த்தால் நல்ல உடம்பிலும் அளவு ஏறிக் காட்டும் என்று டாக்டர் சொன்னபோது, பாவி மகள் எவ்வளவு கவனமாகக் கேட்டாள்.

லேப் பெண் ஊசியோடு திரும்பினாள்.

"வீட்டுல கனமான வேல ஏதும் பாத்தாளாம்மா? பாத்திருந்தா சொல்லிருங்க, அடுத்த வாரம் எடுத்துக்கிடலாம்."

பெஞ்சில் இருந்து பத்திரகாளி கழுத்தை நீட்டினாள்.

செல்வமாரி அம்மாவைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனித்தாய் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டாள்.

"ஒரு துரும்பக்கூட எடுத்துப்போட விடல தாயி. ஊசின்னா அவளுக்குப் பயம், நான் பிடிச்சிக்கிடுதேன். நீ எடு."