முனுசாமியின் வாய்

"கர்த்தாவே, அந்த முனுசாமியின் வாயைக் கட்டிப்போடும்!"

உபதேசியார் யேசுதாஸ் கூரைச் சபையில் முழங்காலில் நின்று மன்றாடினார். பின்னால் இருந்த நாலு குடும்பமும் "ஆமென்!" என்று ஓங்கிச் சொன்னது. அவர் மனைவி விக்டோரியா மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

மன்றாடாமல் என்ன செய்வார், பாவம்? அறுபத்தொன்பதாம் வருஷம் பெரியபாளையத்துக்கு ஊழியத்துக்கு வந்த மறுவாரத்திலிருந்து இதே தொல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் அவர் பைபிளைத் திறந்தால் போதும், எதிரே முனுசாமி வந்து நின்றுவிடுவார்.

முனுசாமி பவானியம்மன் கோயிலில் உடுக்கை அடித்துப் பாடுபவர். நெற்றி நிறையக் குங்குமம். ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவனையும் திரும்பிப் பார்க்க வைக்கும் குரல்.

"இன்னா உபதேசியாரே, ஒங்க சாமி தண்ணி மேல நடந்தாருன்றியே. எங்க, பழவேற்காடு ஏரில ஒருவாட்டி நடந்து காட்டச் சொல்லு!"

கூட்டம் சிரிக்கும். யேசுதாஸுக்கு ரோஷம் வந்துவிடும். தொண்டை கிழியப் பதில் சொல்வார். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள்கூட மூட்டையோடு நின்று கேட்பார்கள்.

"ஆறு நாளுல ஒலகத்தையே செஞ்சாராமே? அவரையே எங்க தெரு ரோட்டுக்குக் காண்ட்ராக்டு எடுக்கச் சொல்லு. இப்ப இருக்கிறவன் வருசக்கணக்கா ஜல்லி கொட்டிக்கினே கீறான்!"

மறுபடி சிரிப்பு. யேசுதாஸ் மறுபடி கத்துவார்.

கெட்டுப்போய்த் திரும்பி வந்த மகன் கதையைச் சொன்ன அன்றைக்கும் முனுசாமி விடவில்லை. கூட்டம் மெல்ல நகர ஆரம்பித்த நேரம் பார்த்து, "பன்னித் தீனி தின்னானே அந்தப் புள்ள, அப்பால இன்னா ஆச்சு? அவங்க நைனா ஊட்டுக்குள்ள சேத்தாரா, தொரத்தி உட்டாரா?" என்று குறுக்கே விழுந்தார். நகர்ந்தவர்கள் திரும்பி வந்தார்கள்.

"சாத்தான் நேரடியாகவே வந்து நிற்கிறான்" என்று யேசுதாஸ் முடிவு கட்டிவிட்டார்.

இந்தச் சனிக்கிழமை பட்டணத்திலிருந்து பெரிய போதகர் ஊழியத்தைப் பார்வையிட வருகிறார். அவர் முன்னாலும் முனுசாமி மானத்தை வாங்கினால்? அதற்குத்தான் இந்த விசேஷ ஜெபம்.

ஜெபம் பலித்தேவிட்டது!

சனிக்கிழமை காலையில் செய்தி வந்தது. முனுசாமிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதாம். ஒரு வார்த்தை வெளியே வரவில்லையாம். யேசுதாஸ் வேட்டியை வெளுப்பாகக் கட்டிக்கொண்டு துள்ளி நடந்தார்.

சாயங்காலம் போதகர் பக்கத்தில் நிற்க, பைபிளைத் திறந்தார். பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். கதம்பம் விற்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"முனுசாமி வரலீங்களா?"

"வரவில்லை" என்றார் யேசுதாஸ் சந்தோஷமாக.

"அடச்சே, அப்ப இன்னிக்கு ஒண்ணும் இல்லியா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் நடையைக் கட்டினாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும்.

யேசுதாஸ் பேசிக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டு நின்றது போதகர் ஒருவர்தான்.

"ஜனங்கள் திரண்டு வருகிறார்கள் என்றீர்களே?" என்றார் அவர். "கேட்க ஆளில்லாத ஊரில் உபதேசியார் எதற்கு? அடுத்த மாதம் வருகிறேன். இதே நிலைமை என்றால் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்."

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். யேசுதாஸ் வீட்டுக்கு வந்து கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் சேந்து கேட்டோம், ஆண்டவரும் குடுத்துட்டாரு. அப்பறம் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீறீங்க?" என்றாள் விக்டோரியா. "அந்த மனுசன் பாட்டுப் பாடிப் பொழைக்கிறவரு. தொண்ட போனா சோத்துக்கு இன்னா பண்ணுவாரு? போய்ப் பாத்துட்டு வாங்க."

சுருக்கென்றது யேசுதாஸுக்கு. இதை அவர் நினைத்தே பார்க்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் போனார். முனுசாமி கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். உபதேசியாரைப் பார்த்ததும் பரபரப்பாக எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டி ஏதோ கேட்டார்.

"நேத்து எவ்ளோ பேரு வந்தாங்கன்னு கேக்கறாரு" என்றாள் அவர் மனைவி கெங்கம்மாள், உப்பு வெந்நீரை ஆற்றிக்கொண்டே.

"ஒருத்தரும் நிற்கவில்லை" என்றார் யேசுதாஸ்.

முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒங்க ரெண்டு பேரு கிட்டயும் ஒரு தப்பை ஒத்துக்கணும்மா" என்று யேசுதாஸ் ஆரம்பித்தார். "இவருக்கு இப்படி ஆனது என்னாலதான். வாயைக் கட்டச் சொல்லி நான்தான்..."

"அட, நீங்க ஒண்ணு!" என்று கெங்கம்மாள் சிரித்துவிட்டாள். முனுசாமி 'சொல்லாதே' என்று சைகை காட்டினார். அவள் கண்டுகொள்ளவில்லை.

"மொதோ வாரம் காலி ரோட்டப் பாத்து நீங்க தனியாப் பேசிக்கினு நின்னீங்களாம். அன்னிக்கு இவருக்குச் சோறே எறங்கல. 'ஆளில்லாத எடத்துல உடுக்கை அடிச்சவனுக்குத்தான்டி அந்த வலி தெரியும். பேச்சுன்னா எவனும் நிக்க மாட்டான், சண்டைன்னா நிப்பான்'னுட்டுத்தான் அடுத்த வாரத்துலேர்ந்து ஒங்க எதுக்க வந்து நின்னாரு."

யேசுதாஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ இந்தத் தொண்டை?" என்றார்.

"ஒங்க பெரிய பாதிரியாரு வராருன்னு பஜாருல சொன்னாங்களாம். கூட்டம் ஜாஸ்தியா சேரணும்னு ரெண்டு நாளா ஆத்தங்கரையில நின்னுக்கினு, ஒங்களக் கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் கத்திக் கத்திப் பழகினாரு. அதான் அடைச்சுக்கிச்சு!"